வெள்ளைத் திரைக்கு ஒரு விரல் மஞ்சள்

டென்மார்க்கிலிருந்து நாங்கள் கொண்டுவந்த சாமான்களில் உருப்படியாகப் பயன்பட்டவை இரண்டுதான். ஒன்று என் அளவு நாடா. இன்னொன்று என் முதலாளியம்மாவின் கைப்பையில் இருந்த பிளாஸ்திரி. நாடாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

நான் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை மாட்டுகிறவன். பிறந்தது மாயவரம், பிழைப்பது கோபன்ஹேகன். கிர்ஸ்டன் என்ற அம்மாள் அங்கே வீட்டலங்காரத் துணிக்கடை வைத்திருக்கிறார். ஏணி, துளை போடும் மெஷின், வேன் சாவி மூன்றும் என் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு வேளையில் பெருமை பேசுவதும் என் பொறுப்புதான். "எங்கள் பக்கத்துக் கைத்தறித் துணியை ஜன்னலில் தொங்கவிட்டால் வெளிச்சம் பால் மாதிரி வடிந்து இறங்கும்" என்று ஒரு குளிர்காலத்தில் அளந்துவிட்டேன். டேனிஷ்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம்: சொன்னதை நம்பிவிடுவார்கள். கிர்ஸ்டன் நம்பினார்.

கடலோரத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் இளம் தம்பதிக்கு முதல் ஆர்டர். சுவரெல்லாம் கண்ணாடி. தரை வெள்ளை, கூரை வெள்ளை, நாற்காலி வெள்ளை. நாய்கூட வெள்ளை. திரைச்சீலை கரையில்லாமல், பூவில்லாமல், சுத்த வெள்ளையில், கூரையிலிருந்து தரைவரை வேண்டும் என்றார்கள். என் நண்பனின் மைத்துனர் சாகுல் ஹமீது செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் தறிக்காரர்களைப் பிடித்துத் துணி நெய்ய ஏற்பாடு செய்தார். தைப்பதற்குத் திருக்கழுக்குன்றத்தில் குணசுந்தரி அக்காவின் தையல் கொட்டகை. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர், எங்களை நம்பி அதை விட்டுவிட்டுப் புது மெஷின்கள் வாங்கிப் போட்டிருந்தார். இந்த ஒரு வீடு சரியாக அமைந்தால் கிர்ஸ்டன் தன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இங்கிருந்தே வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அமையாவிட்டால் குணசுந்தரி அக்காவின் கொட்டகை காலி, சாப்பாட்டு வேளையில் என் வாயும் காலி.

சரக்கைப் பார்த்து எடுத்துப்போகத்தான் நாங்கள் கிளம்பி வந்தோம்.

திங்கட்கிழமை மாமல்லபுரத்தில் இறங்கும்போதே மழை. கிழக்குக் கடற்கரைச் சாலையை அப்போதுதான் புதிதாகப் போட்டுச் சுங்கச்சாவடி வைத்திருந்தார்கள். முட்டுக்காட்டில் படகுகளையெல்லாம் கட்டிப் போட்டிருந்தார்கள். வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றார் டாக்சிக்காரர், ஏதோ தன் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோல. கிர்ஸ்டன் ஜன்னலைத் திறந்து கையை நீட்டி, "மழை வெதுவெதுப்பாக இருக்கிறது! இதை எப்படி மழை என்கிறீர்கள்?" என்று ஆச்சரியப்பட்டார். விடுதியில் அவருக்குக் கேட்காமலே வாழைப்பழ அப்பமும் தேனும் கொடுத்தார்கள். எனக்கும் அதையே கொடுத்தார்கள். இட்லி கேட்டேன். "ஃபாரினர் மெனுல இட்லி இல்ல சார்" என்றான் சர்வர். என் மாயவரத்துத் தமிழைக் கேட்டும் அவன் மனம் மாறவில்லை.

செவ்வாயன்று செங்கல்பட்டு. சாகுல் பாயை நேரில் பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை.

"வா மச்சான்! இன்னா இப்டி எளச்சிட்ட? அங்க சோறு கீறு போட மாட்டாங்களா?"

"பாய், நீங்க என்னை முன்னாடி பார்த்ததே இல்லையே."

"பாக்காட்டி இன்னா, எளச்சவன் எளச்சவன்தான். மொதல்ல நாஸ்தா துன்னு."

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. கிர்ஸ்டன் ஸ்பூன் கேட்பார் என்று பயந்தேன். அவர் கையை விட்டுப் பிசைந்து, எலும்பை உறிஞ்சி, விரலை நக்கினார். நான்தான் ஸ்பூன் கேட்டேன். "கிர்ஸ்டன், தண்ணீர் வேண்டுமா?" என்று நான் கேட்டதைக் கவனித்த சாகுல் பாய் கையை உதறினார்.

"மொதலாளிய பேர் சொல்லியா கூப்புட்ற?"

"அங்கே அப்படித்தான் பாய்."

"நீ நல்லா வருவ."

அவருடைய மாருதி ஆம்னியில் திருக்கழுக்குன்றம் போனோம். மலையடிவாரத் தெருவில் குணசுந்தரி அக்காவின் கொட்டகை. ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி, அதோடேயே பேச்சு. வெள்ளைத் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. கிர்ஸ்டன் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். அந்த மழை நாளின் சாம்பல் வெளிச்சமும் அதற்குள் புகுந்து பால் மாதிரிதான் இறங்கியது. நான் அளந்துவிட்டது நிஜமாகிவிட்டதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. கிர்ஸ்டன் எதுவும் சொல்லாமல் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். டேனிஷ்காரர்கள் பாராட்டும் விதம் அது. அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. ஜன்னல்களின் உயரம் புரிவதற்காகக் கிர்ஸ்டன் தபாலில் அனுப்பிய படம். வெறும் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் வீட்டுக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, இந்தப் பொண்ணுக்கு எப்போ தேதி?" என்று கேட்டார் குணசுந்தரி அக்கா.

"எந்தத் தேதி?"

"இன்னா நீ? வவுத்தப் பாரு. இந்தப் படம் புடிச்சப்பவே நாலு மாசம் இருக்கும். மொதப் புள்ளையா?"

கிர்ஸ்டன் அனுப்பியது ஜன்னலை. கொட்டகையில் எல்லோரும் பார்த்தது வயிற்றை. முதல் பிள்ளைதான் என்றேன். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் மெஷினை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா குண்டூசியை வாயிலிருந்து எடுத்துப் புடவையில் குத்திக்கொண்டு, "நாளைக்கு எல்லாத்தையும் முடிச்சி சாகுல் கிட்ட குடுத்தனுப்புறேன். நீ கெளம்பு" என்றார்.

புதன் மாலை சரக்கு விடுதிக்கு வந்தது. கிர்ஸ்டன் குடை பிடித்துக்கொண்டு கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போயிருந்தார். நான் ஆசையாக ஒரு கட்டைப் பிரித்தேன். முதல் திரையின் கீழ் ஓரத்தில், வலது மூலையில், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். இரண்டாவதை எடுத்தேன். மஞ்சள். மூன்றாவது, நான்காவது, அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு. எல்லாவற்றிலும் அதே மூலையில், அதே விரல்.

புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது எனக்குத் தெரியாததல்ல. தீபாவளிச் சட்டையின் காலரில் மஞ்சளோடு ஊர் சுற்றியவன்தான் நானும். ஆனால் அந்த நிமிஷம் என் கண்ணில் நின்றது அந்த வெள்ளை நாய்.

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் கை வேலை செய்யும். மூளை பிற்பாடு வந்து பார்த்துவிட்டு ஐயோ என்று சொல்லும். ஒரு திரையை அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். அங்கே இருந்த சலவைச் சோப்பை எடுத்து மூலையில் தேய் தேய் என்று தேய்த்தேன். மஞ்சள் போய்விட்டது. அந்த இடத்தில் ரத்தச் சிவப்பு வந்துவிட்டது.

கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! சோப்பும் சுண்ணாம்பின் சொந்தக்காரன்தான் என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். துணியிலிருந்து வழிந்து, வாளியில் வழிந்து, தரையெல்லாம் சிவப்பு. என் இரண்டு கையும் கசாப்புக் கடைக்காரர் கை மாதிரி ஆகிவிட்டது. அப்போது கதவு தட்டப்பட்டது.

"என்ன சத்தம்? நலமாக இருக்கிறாயா?" கிர்ஸ்டன்.

கதவை லேசாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவிடுக்கு வழியாக அவர் செருப்பை நோக்கி ஓடிவந்த சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார்.

"ஷேவ் செய்யும்போது கீறிவிட்டது" என்றேன்.

அப்போது எனக்கு ஒரு வாரத் தாடி. கிர்ஸ்டன் அந்தத் தாடியை நிதானமாகப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைத் தாடியின் மேலேயே ஒட்டிக்கொண்டேன். வெறும் தண்ணீரில் அலசி அலசி எடுத்ததும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்தது. அந்த மஞ்சளைப் பார்த்து இப்படி ஆனந்தப்படுவேன் என்று சற்றுமுன் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை கிர்ஸ்டன் விடுதித் தாழ்வாரத்தில் திரைகளைப் பிரித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று வரிசையாக மூலைகளை அடுக்கினார்.

"எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் தற்செயலாகப் பட்டதல்ல."

"தரம் பார்த்துவிட்டார்கள் என்பதற்கான முத்திரை" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதில் எனக்கு என்றும் பஞ்சமில்லை. "வெயிலில் போட்டால் மறைந்துவிடும்." இது மட்டும் உண்மை. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. நல்ல நாளாக இருந்தால், நனைத்துக் காயப்போட்டு ஒரு பகல் கழிந்தால் துணி வெள்ளை.

"சரி, வெயிலில் போடு. அந்த வீட்டுக்கு வெள்ளையாகத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாம் கிளம்புகிறோம்" என்றார் கிர்ஸ்டன். பிறகு வெளியே பார்த்தார். தென்னை மரமே தெரியாதபடி மழை. "நம் ஊர் மாதிரியே இருக்கிறது" என்று சொல்லிக் காபி குடித்தார்.

சாகுல் பாய் வந்து எங்களைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துப் போனார். அக்காவிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். பக்குவம் பலிக்கவில்லை.

"அழிக்கப் போறியா? யாரு சொன்னது?"

"அவங்களுக்கு வெள்ளையா வேணுங்கா. மஞ்சள்னா அவங்களுக்குக் கறை."

"தம்பி, இன்னா துணி இது? கரை கீதா? பூ கீதா? வெள்ள வெளேர்னு புதுத்துணி. இதுக்கு எங்கூர்ல இன்னா பேரு தெரியுமா? கோடி. செத்தவங்க மேல போத்துறது. மாசமா கீற பொண்ணு வூட்ல, சுத்தி எல்லா ஜன்னலுக்கும் கோடி கட்டித் தொங்கவுடுவியா? நானு தெச்சிக் குடுத்துட்டு இங்க நிம்மதியா சோறு துன்னுவனா?"

"அது அவங்களுக்குத் தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியுமே! மஞ்ச வெச்சாதான் அது நல்லதுக்குப் போற துணி. அழிச்சிதான் மாட்டுவன்னா, அடுத்த ஆர்டருக்கு வேற ஆளப் பாத்துக்கோ. நானு யூனிபாரமே தெச்சிக்கிறேன்."

புது மெஷின்கள் வரிசையாக நிற்க, அதற்கு நடுவில் நின்று அவர் அப்படிச் சொன்னார். மெஷின் ஓட்டிய பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று கிர்ஸ்டன் கேட்டார்.

"வெயில் வரும் என்கிறார்."

"இவ்வளவு நேரமும் அதைத்தானா சொன்னார்?"

"எங்கள் ஊரில் வானிலையை விரிவாகச் சொல்வார்கள்."

கிர்ஸ்டன் என் தாடையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். அக்காவும் அதைப் பார்த்தார். "மூஞ்சில இன்னாது? தாடி மேல எவனாச்சும் பிளாஸ்திரி ஒட்டுவானா?" என்றார். நான் மலையைப் பார்த்தேன். கோயில் மழையில் மறைந்திருந்தது.

"தெனம் மல மேல சோறு துன்ன வந்த கழுகே வர்றது நின்னு போச்சு. வெயில் மட்டும் வந்துடுமாக்கும்" என்றார் அவர், என் முதுகைப் பார்த்து.

வெள்ளியன்று காலை சாகுல் பாய் விடுதி வாசலில் ஹாரன் அடித்தார். "மச்சான், ஏறு! படாளத்துல வெயில் அடிக்கிதாம். எங்க மாமா பையன் போன் பண்ணான்."

இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எனக்கும் இல்லை. துணிக் கட்டுகளை ஆம்னியில் அடைத்து, அவற்றின்மேல் என்னை அடைத்து, ஜி.எஸ்.டி. ரோடில் தெற்கே வெயிலைத் துரத்திக்கொண்டு போனோம். கிர்ஸ்டன் முன் சீட்டில் அமர்ந்து, "வெயிலுக்காகக் காரில் போவது டென்மார்க்கில் சகஜம். ஸ்பெயின்வரை போவோம்" என்றார். அதை மொழிபெயர்த்தேன். "படாளம் கிட்டக்கதான், மேடம்" என்றார் சாகுல் பாய் பெருமையாக.

படாளத்துக்குச் சற்று முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அதுவும் பஞ்சர். அதே நேரம், தூரத்தில், வயலுக்கு அந்தப்பக்கம் வெயில் பளீரென்று விழுந்ததை மூன்று பேரும் பார்த்தோம். கம்பளம் விரித்ததுபோல் அது ஒரு ஏரிக்கரைமேல் நகர்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் இறங்கி ஓடினேன்.

"எங்க ஓட்ற? வெயில் இன்னா பஸ்ஸா, ஓடிப் போய் ஏற்றதுக்கு?" என்று சாகுல் பாய் கத்தியது காதில் விழுந்தது. வழுக்கி விழுவதற்கு முன் காதில் விழுந்த கடைசி வார்த்தைகள் அவை. கட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டதால் துணி தப்பித்தது. நான் மட்டும் முழங்கால்வரை சேறு. நிமிர்ந்து பார்த்தபோது வெயில் மதுராந்தகம் பக்கம் போய்விட்டிருந்தது.

சாலையோரக் கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சர் ஒட்டி முடியும்வரை தின்றோம். கிர்ஸ்டன் மிளகாயின் காம்பை மட்டும் வைத்துவிட்டு மீதியை விழுங்கினார். கண்ணில் நீர் வழிய, "நல்ல நாள்" என்றார். கிண்டலா நிஜமா என்று டேனிஷ்காரர்கள் முகத்தில் கண்டுபிடிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது மாமல்லபுரத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. மழைச் சத்தம். கதவைத் திறந்தால் கண் கூசியது. கழுவிவிட்ட மாதிரி நீலம், அதன் நடுவில் வெயில்.

விடுதி மொட்டைமாடி போதாது. மீனவர்கள் வலை உலர்த்தக் கடற்கரையில் நட்டிருந்த கம்பங்களை சாகுல் பாய் பேசி வாங்கினார். கயிறு கட்டி, திரைகளை நனைத்து, வரிசையாகத் தொங்கவிட்டோம். பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார். கருவாட்டு நாற்றம் துணியில் ஏறிவிடுமே என்று நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"யோவ், இன்னா மூஞ்ச சுளிக்கிற? உன் சோப்பு நாத்தம் என் கருவாட்ல ஏறிடப் போவுது. அப்பால தள்ளிக் கட்டு!"

தள்ளிக் கட்டினோம். கிர்ஸ்டன் மூச்சை ஆழமாக இழுத்து, தன் தகப்பனாரின் ஊர்த் துறைமுகம் இதே வாசனைதான் என்றார். ஊறிய மீனைப் பச்சையாக ரொட்டியில் வைத்துத் தின்கிற ஜனம். இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கடற்காற்றில் அத்தனை வெள்ளைத் துணியும் ஒருசேர எழும்பி இறங்கியது. அழகுதான். ஆனால் அந்த வழியாகப் போன பெரியவர் ஒருவர் நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"யாரு தவறிட்டாங்க?"

"யாரும் இல்லீங்க. இது ஜன்னல் துணி."

அவர் நம்பாமல் போனார். சற்று நேரத்தில் இரண்டு பெண்கள் நின்று, குரலைத் தாழ்த்தி, "பெரிய சாவாண்ணா? எந்த வூடு?" என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சைக்கிளில் வந்தவர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கடந்து போனார். அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நடுவில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவும் தெரிந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் நடந்து வந்தார் குணசுந்தரி அக்கா. சாகுல் பாய் சொல்லியிருக்க வேண்டும். திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் முதல் திரையின் மூலையைப் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் பாதி வெளுத்திருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு அடுத்த மூலைக்குப் போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"டீ சொல்லிட்டு வரேன்" என்று நழுவினேன்.

டீயோடு திரும்பும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன். அக்காவும் கிர்ஸ்டனும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா துணியைக் காட்டினார், மல்லாந்து கண்ணை மூடிக் காட்டினார். பிறகு தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினார். கிர்ஸ்டன் தலையை ஆட்டினார். என் பொய்களெல்லாம் அந்த மணலில் வரிசையாக எழுந்து நிற்பதுபோல் எனக்கு வியர்த்தது. டீ பாதி என் சட்டையில்.

"என்னக்கா பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல. பொம்பளைங்க பேச்சு. உன் வேலையப் பாரு."

கிர்ஸ்டனிடம் கேட்டேன். "வானிலை பற்றிப் பேசினோம். விரிவாக" என்றார்.

மாலைக்குள் அத்தனை மூலையும் வெளுத்துவிட்டது. மடித்துக் கட்டும்போது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். "அக்கா, நீங்க சொன்னது சரி. அந்த வீட்டுல இதை மாட்டப்போறது நான்தான். மாட்டும்போது நானே மஞ்சள் வைக்கிறேன். கண்ணுல படாத இடத்துல."

"நெசமா?"

"நெசமா."

"நீ வாயத் தொறந்தாலே பொய்யி. மல இருக்கிற பக்கம் திரும்பி சொல்லு."

திருக்கழுக்குன்றம் எந்தத் திசை என்று எனக்குத் தெரியவில்லை. சாகுல் பாய் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். சொன்னேன். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் திணித்தார். "ஒண்ணு விடாம வெக்கணும். அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா பொறந்தா எனக்குச் சொல்லு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்துல மண்ணு" என்றார்.

கோபன்ஹேகனில் இறங்கினால் அரை இருட்டு. பகல் என்று சொன்னார்கள். அந்தக் கடலோர வீட்டுக்குத் திரைகளோடு போனோம். வீட்டுக்காரப் பெண் முதுகில் கை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து கதவைத் திறந்தாள். நாள் நெருங்கிவிட்டது. வெள்ளை நாய் என்னை மோந்து பார்த்தது. பையில் இருந்த பொட்டலத்தைத்தான் மோந்தது என்று நினைக்கிறேன்.

மேலே கொக்கிகளை மாட்டுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. சிக்கல் கீழே. திரை நேராகத் தொங்க, அடி மடிப்புக்குள் கனமான குண்டுச் சரம் ஒன்றை விடுவோம். அதற்காக மூலையில் மடிப்பு வாய் சின்னதாகத் திறந்திருக்கும். அந்த வாய்க்குள் விரலை விட்டு மஞ்சளை வைத்துவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு திரைக்கும் ஏன் இவன் தரையில் உட்கார்ந்து குனிகிறான் என்று கேட்டால்? ஷூ நாடா கட்டுவதாகச் சொல்லலாம். டென்மார்க்கில் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். வெறும் சாக்ஸோடு நாடா கட்டுகிறவன் என்ன விளக்கம் சொல்வான்?

சரம் சிக்கிக்கொண்டதாக முணுமுணுத்துக்கொண்டே குனிந்தேன். கொஞ்சம் பொடி வெள்ளைத் தரையில் சிந்தியது. அதை முழங்காலால் மறைத்து, சாக்ஸால் துடைத்து, அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தேன். ஒவ்வொரு தடவை நான் குனியும்போதும் கிர்ஸ்டன் அந்தப் பெண்ணை அழைத்து எதிர்ப்பக்கம் இருந்த எதையாவது காட்டிக்கொண்டிருந்தார். கடலை, மேகத்தை, ஒரு தடவை காலியான சுவரை. அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

கடைசித் திரையும் தொங்கியதும், அரை இருட்டாக இருந்த அறைக்குள் வெளிச்சம் ஒன்று எங்கிருந்தோ வந்து இறங்கியது. அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பி, "வசந்தத்துக்கு இன்னும் நெய்யச் சொல். தைப்பதும் அதே ஆள்" என்றார்.

அந்தப் பெண் காபி கொண்டுவந்தாள். கோப்பையை வாங்கக் கையை நீட்டினேன். என் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து கணுவரை பளபளவென்று மஞ்சள். அவள் விரலைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை.

கிர்ஸ்டன் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்தார். என் விரலைப் பிடித்துப் பதமாகச் சுற்றி ஒட்டிவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"ஷேவ் செய்யும்போது கீறிக்கொண்டான்."